ஏழாவது கல்லின் பெயர்

ஒரு மனிதர் பட்ட பாட்டை இன்னொருவரின் உள்ளங்கையில் வைத்துக் காட்டிவிடலாம் என்ற காலம் வந்தபோது, ஊரெல்லாம் அதை வேடிக்கையாகப் பார்த்தது. ஆறுமுகநயினார் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டார். தூத்துக்குடியில் ‘துணைக்கரம்’ என்னும் இளைஞர் நல மையத்தில் அவர் பத்தொன்பது ஆண்டுகளாகப் பணியாற்றி வந்தார். உப்பளத்துப் பிள்ளைகளும் கடற்கரைப் பிள்ளைகளும் மாலை நேரங்களில் அங்கே வருவார்கள். பந்து ஆடுவார்கள், கணினி கற்பார்கள், மனம் சரியில்லாதபோது ஒரு மூலையில் உட்கார்ந்து பேசுவார்கள். பேசுவதற்குப் பிள்ளைகள் இருந்தார்கள். கேட்கத் தெரிந்த ஆட்கள்தாம் கிடைக்கவில்லை. "விடு, எல்லாம் சரியாயிரும்" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டுவதையே ஆறுதல் என்று எண்ணியிருந்த தன்னார்வலர்களை வைத்துக்கொண்டு அவர் பல காலம் தவித்தார். அந்தத் தவிப்பைத் தீர்க்கத்தான் கல் வந்தது.

அதற்கு நீளமான பெயர் ஒன்று இருந்தாலும் எல்லாரும் கல் என்றே சொன்னார்கள். உள்ளங்கையில் அடங்குகிற கூழாங்கல் அளவு, சாம்பல் நிறம். ஒருவர் அதை இறுகப் பிடித்திருக்கும் ஒரு நிமிட நேரத்தில் அவருடைய உடம்பு என்ன பாடுபடுகிறதோ, அதை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளும். பிறகு யார் பிடித்தாலும் அந்த ஒரு நிமிடத்தை அவர் உடம்பில் எழுப்பிக் காட்டும்.

மையத்தின் அலமாரியில் பன்னிரண்டு பாடக் கற்கள் இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருந்தது: பயம், கோபம், தனிமை, ஏமாற்றம் என்று. அவற்றுள் ஏழாவது கல்லுக்கே பேர் அதிகம். ‘தாயைப் பிரிந்த துயரம்’ என்று அதன் சீட்டில் எழுதியிருந்தது. அதைப் பதிவு செய்தவர் நயினார். இவ்வளவு தெளிவான துயரப் பதிவு வேறெங்கும் கிடைக்கவில்லை என்று பெரியவர்கள் பாராட்டினார்கள். ஆறு ஆண்டுகளாகப் பதினொரு மாவட்டங்களில் அதன் நகல் படிகளை வைத்துத்தான் துயரப் பாடம் நடந்து வந்தது. வருகிற திங்கட்கிழமை முதல் மாநிலம் முழுவதற்கும் அதுவே பாடம் என்று ஆணையும் வந்துவிட்டது.

அந்த ஆணையைச் சென்னையில் பெற்றுக்கொண்டு திரும்பிய நயினார், புதிய தன்னார்வலர்களுக்கான பயிற்சியின் மூன்றாம் நாள் காலையில்தான் வகுப்புக்கு வந்து சேர்ந்தார். முதல் இரண்டு நாளையும் அவருடைய உடன் பணியாளர் சண்முகவடிவு பார்த்துக்கொண்டாள். வருகைப் பதிவேட்டைப் புரட்டியவருக்குப் பத்தாவது பெயரில் கண் நின்றது. ஜெனோவா, வயது இருபத்திரண்டு, திரேஸ்புரம்.

பதிவேட்டை மூடிவைத்தார். ஏழாவது கல் அவளுடையது.

அப்போது அவளுக்குப் பதினாறு வயது. தாயாருக்கு மனநோய் முற்றித் திருநெல்வேலியில் மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். அதை அவள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, ஒருநாள் நயினாரிடம் மட்டும் சொன்னாள். அடுத்த நாள் மாலை, "உன்னப் புரிஞ்சுக்கிடதுக்குத்தாம்மா" என்று சொல்லி அவர் ஒரு கல்லை அவள் கையில் கொடுத்தார். அதைப் பாடமாக்கப் போவதாகச் சொல்லவில்லை. பெயரை நீக்கிவிட்ட பின்பு யாருக்கு என்ன நட்டம் என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். சில நாளில் அவள் மையத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். கேட்க ஆளில்லாத சமாதானம் ஆறு ஆண்டுகள் நன்றாகத்தான் தூங்கிக் கிடந்தது.

"என்ன அண்ணாச்சி, பேயறஞ்ச மாதிரி நிக்கிய?" என்றாள் வடிவு. "ஆணை வந்துருக்கு, பாயசம் வைக்கணும்னு நான் நெனச்சிக்கிட்டு இருக்கேன்."

"வடிவு, இந்த ஜெனோவாங்கிற பிள்ள..."

"அதுவா? ரெண்டு நாளா அதுதான் மொத ஆளு. வாய் தெறக்காது. ஆனா எதிர்ல உக்காந்து கேட்டுச்சுன்னா, நமக்கே எதையாவது சொல்லிரணும்போல இருக்கு. ஏன், தெரிஞ்ச பிள்ளையா?"

"முன்னால இங்க வந்துக்கிட்டு இருந்தது."

வடிவின் முகம் மலர்ந்தது. "நம்ம பிள்ளையா! அப்ப ஒரு படம் பிடிச்சுப் போட்டுருவோம். உதவி வாங்க வந்த பிள்ள உதவி செய்ய வந்துட்டுன்னு. மாநிலமே பாக்கட்டும்."

"வேண்டாம்" என்றார் நயினார், சற்றே உரக்க. பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னைக்கு ஏழாவது கல்ல மட்டும் விட்டுருவோமா?" என்றார்.

"நல்ல கூத்து! ஊரெல்லாம் அதத்தான் கேக்கு, பெத்த வீட்டுல பிள்ளைய ஒளிச்சு வைக்கவா? மத்தியானத்துக்கு மேல ஏழு. அட்டவணையில போட்டாச்சு."

முதல் ஆறு கற்களுக்கான வகுப்பு காலையில் நடந்தது. இருபது பேர். அவர்களில் லிங்கதுரை என்பவன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். கோபக் கல்லைப் பிடித்து முடித்ததும் கையை உதறிக்கொண்டு எழுந்தான்.

"சார், எங்க வீட்டுக்காரி கோவத்த இதுல பிடிச்சா கல்லு தாங்குமா, வெடிச்சிருமா?"

வகுப்பு சிரித்தது. "நீ தாங்குதல்லா, கல்லும் தாங்கும்" என்றார் நயினார்.

"கேலி இருக்கட்டும் சார். இது எப்படி வேல செய்யுது?"

"பயந்தா கை வேர்க்கும், நெஞ்சு அடிக்கும், வயிறு சுருங்கும். உடம்பு போடுத இந்தக் கூச்சல கல்லு வாங்கிக்கிடுது. நாம பிடிக்கையில நம்ம நரம்புக்கு அதத் திருப்பிச் சொல்லுது. அவ்வளவுதான். ஆனா ஒண்ணு, ஏன்னு மட்டும் சொல்லாது. புலியப் பாத்துப் பயந்தானா, மாமனாரப் பாத்துப் பயந்தானான்னு கல்லுக்குத் தெரியாது."

"அப்ப அத யாரு சொல்லுவா?"

"பதிவு பண்ணுனவரு. கூட இருந்து பாத்து, சீட்டுல எழுதுவாரு."

மூன்றாம் வரிசையில் ஜெனோவா தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். ஒல்லியான, அமைதியான முகம். அவர் சட்டென்று பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். வழக்கமாக நயினார் பாடம் நடத்தினால் கதை வழியாக நரியோ நாரையோ இரண்டு பிராணிகளாவது வகுப்புக்குள் வந்து போகும். அன்று ஓர் எறும்புகூட வரவில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் அவர் அவளைக் கல் அலமாரி இருந்த அறைக்கு அழைத்தார். வார்த்தைகளை நூறு தடவை மனத்துக்குள் அடுக்கி வைத்திருந்தார்.

"உக்காரும்மா."

"இருக்கட்டும் சார், நிக்கேன்."

"அம்மா இப்ப எப்படி இருக்காவ?"

"மாத்திரையோட நல்லா இருக்காவ சார். வீட்டுலதான் இருக்காவ. மீன் வாங்கையில வெல பேசி எல்லாரையும் அழ வைக்காவ."

அவர் சிரிக்க முயன்றார், வரவில்லை. "ஜெனோவா, நான் உனக்கு ஒரு தப்புப் பண்ணிட்டேன். மத்தியானம் குடுக்கப்போற ஏழாவது கல்லு..."

"என்னோடதுதான சார்? தெரியும்."

நயினார் அலமாரியைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"நேத்து வடிவு அக்கா கல்லயெல்லாம் தொடச்சு வைக்கச் சொன்னாவ. ஒவ்வொண்ணா எடுத்துப் பிடிச்சுப் பாத்தேன். ஏழாவதப் பிடிச்ச ரெண்டு மூச்சுல தெரிஞ்சு போச்சு. அடுத்தவுக சட்டையப் போட்டா ஒரு மாதிரி இருக்கும்லா? இது என் அளவுக்கே தச்ச மாதிரி இருந்துச்சு."

"உன்னக் கேக்காமச் செஞ்சுட்டேன். பேர எடுத்துட்டா போதும்னு நெனச்சேன். பெரிய தப்பும்மா."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன் சார். அதுகூடப் பரவால்ல." அவள் அலமாரியின் கண்ணாடிக்குள் பார்த்தாள். "சீட்டுல எழுதியிருக்கதுதான் தப்பு."

"எது?"

"தாயைப் பிரிந்த துயரம்னு இருக்கு. அந்த நிமிஷம் நான் எங்கம்மாவ நெனைக்கவே இல்ல சார்."

வெளியே பயிற்சிக்கு வந்தவர்கள் தட்டுகளைக் கழுவும் ஓசையும் லிங்கதுரையின் சிரிப்பும் கேட்டன. நயினார் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"பின்ன எத நெனச்ச?"

"நேரா சொல்லதுக்கு வாய் வரல. நீங்க கத சொல்லுவியள்லா, நானும் ஒரு கத சொல்லட்டா?" என்றாள்.

அவர் தலையசைத்தார்.

"ஒரு காட்டுல ஒரு மான் இருந்துச்சு சார். தொடையில பெரிய புண்ணு. யாருக்கும் தெரியாம எலையும் தழையும் வச்சு மூடிக்கிட்டு, மத்த மானோட மானா ஓடியாடித் திரிஞ்சுது. அந்த ஓட்டம் ஒண்ணுதான் அதுக்குச் சந்தோசம். ஒருநாள் வலி தாங்காம, ஒரே ஒரு யானைகிட்ட மட்டும் எலைய வெலக்கிக் காட்டிச்சு. நல்ல யானை சார் அது. கண்ணு கலங்கிருச்சு. மறுநாள் மிருகமெல்லாம் வட்டமா நிக்கையில, அந்த மான நடுவுல நிப்பாட்டி, 'இவ்வளவு பெரிய புண்ண வச்சுக்கிட்டு இவ எப்படி ஓடுதா பாருங்க! எல்லாரும் கை தட்டுங்க'ன்னு சொல்லிச்சு. எல்லாமும் தட்டிச்சு. கொரங்கு கொஞ்சம் கூடவே தட்டிச்சு."

அவள் அலமாரிக் கண்ணாடியில் விரலால் ஒரு கோடு இழுத்தாள்.

"அப்ப மானுக்குப் புண்ணு வலிக்கல சார். புண்ணு இருக்கதே மறந்து போச்சு. தோல உரிச்சு வெயில்ல நிறுத்துன மாதிரி ஒண்ணு, அதுக்கு என்ன பேருன்னு மானுக்கு அன்னைக்குத் தெரியாது. யானை அதோட விடல. மானோட நெஞ்சுத் துடிப்ப ஒரு சொரக்குடுக்கையில பிடிச்சு அடச்சு, 'புண்ணு வலி இப்படித்தான் இருக்கும்'னு காடு பூராவும் கொண்டு காட்டிச்சு."

நயினாருக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. மறந்திருந்தால்தானே நினைவுக்கு வர வேண்டும்? அந்த மாலையை அவர் தம் பணிக்காலத்தின் நல்ல நாள்களுள் ஒன்றாகச் சேர்த்து வைத்திருந்தார். நாள்தோறும் ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகள் வட்டமாக நின்று ஒருவரையொருவர் பாராட்டும் பழக்கத்தை அந்த மையத்தில் தொடங்கி வைத்தவரே அவர்தாம். தாயை மருத்துவமனையில் விட்டுவிட்டும் பந்தாட வந்திருக்கும் இந்தப் பெண்ணின் மனத்திடத்தை எல்லாரும் அறிய வேண்டும் என்று அவருக்கு நெஞ்சு விம்மியது. அறிவித்தார். முப்பது பிள்ளைகள் கை தட்டினார்கள். அவள் தலை குனிந்ததை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்; கண் கலங்கியதைத் தாயின் நினைவு என்று எடுத்துக்கொண்டார். அந்தச் சூட்டோடுதான் அவளை அறைக்குள் அழைத்து வந்து கல்லைக் கையில் கொடுத்தார்.

"பெறகு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார்.

"யாரும் கேலி பண்ணல சார். கேலி பண்ணியிருந்தா திருப்பி நாலு வார்த்த ஏசியிருப்பேன். எல்லாரும் நல்ல மனசோட இருந்தாவ. அம்மா எப்படி இருக்காவன்னு கேட்டாவ. ஆட்டத்துல பந்து என் காலுக்கு வந்தா ஒருத்தரும் பறிக்க வரல. பாவம்னு விட்டுட்டாவ. நான் பாட்டுக்குக் கொண்டு போயி கோல் போடுவேன், அதுக்கும் கை தட்டுவாவ." அவள் தோளைக் குலுக்கினாள். "அதான் வரதை நிறுத்திட்டேன்."

ஒரு பிள்ளையின் இரகசியத்தை அறிவித்தது ஒரு தவறு. அதனால் அவள் பட்ட அவமானத்தைத் துயரம் என்று பெயரிட்டு ஊருக்கெல்லாம் கற்பித்தது எத்தனை தவறு? அந்தக் கல்லில் படித்தவர்கள் நானூறு பேருக்கு மேல் இருப்பார்கள். யாராவது ஒரு பிள்ளையின் கையில் அதே நடுக்கத்தைக் கண்டபோதெல்லாம், துயரம் என்று தெளிந்து, துயரத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்திருப்பார்கள்: உறவுகளை அழைப்பது, நண்பர்களைச் சுற்றி உட்கார வைப்பது, தனியே விடாமல் பார்த்துக்கொள்வது. ஒளிந்துகொள்ள இடம் தேடுகிறவனைச் சுற்றி விளக்குகளை ஏற்றியிருப்பார்கள். சென்ற ஆண்டு உப்பளத்திலிருந்து வந்த ஓர் இளைஞன் நினைவுக்கு வந்தான். தன்னார்வலர் இருவர் அவன் பதிந்து கொடுத்த கல்லைப் பிடித்துப் பார்த்து, "அச்சு அசலா ஏழாவது கல்லு" என்று வியந்தார்கள். தெருவே திரண்டு அவனுக்கு ஆறுதல் சொன்னது. மறுநாள் முதல் அவனைக் காணவில்லை. அவன் கோப்பில், ‘தொடர்பு விட்டுப்போயிற்று’ என்று எழுதிக் கையெழுத்திட்டவர் நயினார். அதுபோல எழுதிய கோப்புகள் இன்னும் எத்தனை என்று எண்ணிப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை.

உடம்பெல்லாம் கூசியது. ஏதாவது செய்தாக வேண்டும், உடனே செய்தாக வேண்டும் என்ற வேகத்தில் அவர் சொன்னார்: "வாம்மா, இப்பவே வகுப்புக்குப் போவோம். எல்லார் முன்னாலயும் உன்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கேன்."

ஜெனோவா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார்.

"மறுபடியும் வட்டத்துல நிறுத்தவா சார்?" என்றாள்.

நயினார் உட்கார்ந்துவிட்டார். ஆறு ஆண்டுக்கு முன்பு செய்ததை ஒருகால் அறியாமை என்று சொல்லித் தப்பிக்கலாம். இப்போது அறிந்து அரை நிமிடம்கூட ஆகவில்லை, அதையே மறுபடியும் செய்யப் போனார். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தம் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்ல அழிச்சிருவோம்" என்றார் கடைசியில்.

"அழிச்சா, படிச்சவுக எல்லாம் தப்பாப் படிச்சதோட போயிருவாவ. சீட்ட மாத்துங்க. அது அவமானம்னு எழுதுங்க. அத யாரு குடுத்ததுன்னும் சொல்லுங்க."

"சொல்லுதேன்."

"என் பேரு வேண்டாம். நான் எல்லாரையும்போல உக்காந்து கேப்பேன். நோட்டும் எடுப்பேன்."

அவள் போகத் திரும்பினாள். அவர் கேட்காமல் இருக்க முடியவில்லை. "இவ்வளவும் ஆன பெறகு இங்க ஏம்மா வந்த?"

"உங்ககிட்ட சொன்னேன்லா சார், வட்டத்துல நிறுத்துனதுக்கு மொத நாளு? அன்னைக்கு வீட்டுக்குப் போயி நல்லாத் தூங்குனேன். அந்த மாதிரி ஒருநாள் எனக்கு அதுக்கு முந்தி இல்ல. அத நாலு பேருக்குக் குடுக்கலாம்னு வந்தேன்." கதவருகே நின்று, "அதுல உங்களுக்கும் பங்கு உண்டு சார். அதையும் சேத்தே சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனாள்.

நயினார் சென்னைக்குக் கடிதம் எழுதினார். ஏழாவது பதிவின் பெயர் தவறு, அந்தத் தவறு தம்முடையது, திங்கட்கிழமை ஆணையை நிறுத்துக, பழைய படிகளின் சீட்டுகளை மாற்றுக, அவற்றில் படித்தவர்களுக்கு மீண்டும் பாடம் நடத்துக என்று ஐந்தே வரிகள். படித்துப் பார்த்த வடிவு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, இத அனுப்புனா உங்க பேரு என்ன ஆகும்?"

"என்ன ஆகணுமோ ஆகட்டும். அனுப்பிரு."

பிற்பகல் வகுப்பில் இருபது பேரின் கைகளிலும் ஏழாவது கல்லின் படிகள் இருந்தன. ஒரு நிமிடம். தலைகள் தாமாகக் குனிந்தன. முடிந்தபோது லிங்கதுரையிடமிருந்து வேடிக்கைப் பேச்சு ஒன்றும் வரவில்லை.

"என்ன தெரிஞ்சுது லிங்கதுரை?"

"அழுக வருது சார். ஆனா..." அவன் கல்லைப் புரட்டிச் சீட்டைப் பார்த்தான். "எழுந்திச்சு எங்கயாவது ஓடிரணும்போல இருக்கு. எங்கய்யா செத்தப்ப எனக்கு யார் தோள்லயாவது சாஞ்சிரணும்போலத்தான் இருந்துச்சு. ஆனா துயரம்னு போட்டிருக்கு. அப்ப சரியாத்தான் இருக்கும். எனக்குத்தான் விளங்கல."

"உனக்குத்தான் விளங்கியிருக்கு" என்றார் நயினார். தம் கையிலிருந்த கல்லின் சீட்டை உரித்தார். "எல்லாரும் இந்தச் சீட்ட உரிச்சிருங்க. இது துயரம் இல்ல. இது அவமானம். இதக் குடுத்த ஆளு நான்."

அவர் சொன்னார். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி தம்மை நம்பிச் சொன்னதைத் தாம் ஊரறியச் சொன்னதை, கை தட்ட வைத்ததை, அந்தச் சூட்டிலேயே அவள் உடம்பின் நடுக்கத்தைப் பிடித்துப் பெயர் மாற்றி விற்றதுபோல் ஊருக்கெல்லாம் கொடுத்ததை. இரகசியம் இன்னதென்று சொல்லவில்லை. தமக்குச் சாதகமான ஒரு சொல்லையும் சேர்க்கவில்லை. நல்லெண்ணத்தில் செய்தேன் என்ற வாக்கியம் இரண்டு முறை நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கினார்.

லிங்கதுரைதான் முதலில் வாய் திறந்தான்.

"அந்தப் பிள்ள இப்ப எங்க சார் இருக்கு?"

வாசலில் வடிவு நின்றுகொண்டிருந்தாள். காலையில் கேட்டதையும் இப்போது கேட்டதையும் சேர்த்து அவளுக்கு எல்லாம் விளங்கியிருந்தது. சொல்லிருங்க என்பதுபோல் கண்ணால் கெஞ்சினாள். ஒரு வாக்கியம் போதும். நன்றாக இருக்கிறாள், தைரியமாக இருக்கிறாள், பிறருக்குத் துணையாக வந்திருக்கிறாள் என்று சொன்னால் இருபது முகங்களும் மலரும். அவருடைய தவறும் ஒரு நல்ல கதையின் முற்பகுதியாகிவிடும். அப்படி முடிகிற கதைகளைச் சொல்லித்தான் அவர் இத்தனை காலம் பேர் வாங்கியிருந்தார்.

"அதச் சொல்ல எனக்கு உரிமை இல்ல" என்றார்.

"உயிரோடயாவது இருக்கா சார்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"அவளப் பத்தி எதையும் சொல்ல எனக்கு உரிமை இல்லம்மா."

ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். லிங்கதுரை கல்லை மெல்ல மேசைமேல் வைத்துவிட்டு, அவரைப் பார்க்கப் பிடிக்காதவனாய் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். அவர்கள் என்ன முடிவுக்கு வந்துவிட்டார்கள் என்பது நயினாருக்குத் தெரிந்தது. திருத்துவதற்கு வழியில்லை. மூன்றாம் வரிசைப் பக்கம் ஒரே ஒரு பார்வை போனாலும் மற்ற எல்லாரும் அந்தத் திசையில் திரும்பிவிடுவார்கள்.

அவர் கண்ணை எதிர்ச்சுவரிலிருந்து எடுக்கவில்லை. காகிதத்தின்மேல் ஒரு பேனா மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்த ஓசை கேட்டது.

"வேற கேள்வி இருந்தா கேளுங்க" என்றார்.